கன்னத்துச் சூட்டில் கரையும் கோடு

லைடன், 1895

ஜனவரி 14, திங்கள்

துவைக்கிற நாள். விடிவதற்கு முன்பே தெரு முழுக்க வாளியோடு என் வாசலில். இரண்டு அண்டாவும் கொதி அடங்கவே இல்லை. வெந்நீர் மொண்டு ஊற்றி, தணல் அள்ளிப் போட்டு, இப்போது பேனாவைப் பிடித்தால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. இந்தத் தெருவில் ஒருத்தி வீட்டிலும் நாள் முழுக்க அடுப்பெரிக்க வக்கில்லை. வெந்நீரும் தணலும் என் கடையில்தான் வாங்கியாக வேண்டும். ஆனால் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருத்திக்கும் மகாராணி என்று நினைப்பு.

வரிசையில் நின்ற பெட்யே தன் கால்கணப்புப் பெட்டியை நீட்டி, நேற்று கொடுத்த தணல் வெறும் சாம்பல் என்றாள். காலையில் வாங்கிய தணலைப் பெட்டியில் போட்டுப் பாவாடைக்கடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை ஊர்வம்பு பேசினால் சாம்பலாகாமல் வைரமாகுமா? சொல்லவில்லை. தணலை மட்டும் ஒரு கரண்டி குறைத்துப் போட்டேன்.

சாயங்காலம் அந்த நாரை வந்தான். வடக்கே ஃபிரீஸ்லாந்துப் பக்கத்துப் பையன், கெர்பன் என்று பெயர். கழுத்து முதலில் வரும், ஆள் பிறகு வருவான். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் ஊதிச் செய்கிறான். அந்தக் குழாய்க்குள் காற்றை அடைத்து, இறுக்கி இறுக்கித் தண்ணீராக்குவார்களாம். காற்றுப் பிடிக்கிற உத்தியோகம்! அதற்கும் சம்பளம் தருகிறார்கள்.

தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டான், சன்னாவைத் தருவீர்களா என்று. சன்னாவுக்கு அப்பன் கடலில் போனான், அம்மா, என் மகள், காய்ச்சலில் போனாள். இருபத்து மூன்று வயது ஆகும்வரை என் கையெழுத்து இல்லாமல் அவளுக்குக் கல்யாணம் கிடையாது. சட்டம் அப்படி. அவளுக்கு இருபத்தொன்றுதான்.

முடியாது என்றேன். காரணம் கேட்டான். கேட்கத் தைரியம் இருந்ததே என்று ஆச்சரியப்பட்டு வாசலைக் காட்டினேன்.

ஜனவரி 15, செவ்வாய்

சன்னா பேசவில்லை. பேசாமல் இருந்தால் இளகுவேன் என்று நினைப்பு. நான் என்ன, மெழுகா?

ஜனவரி 20, ஞாயிறு

கோவில் முடிந்து காப்பிக்கு உட்கார்ந்தால் நாரை வாசலில். உள்ளே விடாவிட்டால் சன்னா தெருவில் போய் நின்று பேசுவாள், ஊர் பார்க்கும். விட்டேன். ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினேன். அவன் மூடிய டப்பாவைப் பார்த்தான். வடக்கே எல்லாம் திறந்தே வைப்பார்களோ என்னமோ.

தன் வேலை என்ன என்று காட்டத்தான் வந்தானாம். கோட்டுப் பையிலிருந்து கம்பளித் துணி சுற்றிய ஒன்றை எடுத்தான். விரல் நீளத்துக்குத் தடித்த கண்ணாடிக் குழாய், இரண்டு முனையும் உருக்கி அடைத்தது. உள்ளே பாதிக்குத் தண்ணீர் மாதிரி ஏதோ. தண்ணீருக்கு மேலே வெறுமை. நடுவில் ஒரு கோடு, தண்ணீர்மட்டம்.

"இது தண்ணி இல்லம்மா. நாம மூச்சுல வெளிய விடுறமே, அந்தக் காத்து. பீர்ல நுரைக்கிறதும் இதுதான். இறுக்கி உள்ள அடைச்சிருக்கு."

மூச்சை அடைத்து வைத்திருக்கிறான். பெருமை வேறு.

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் கேட்டான். என்னிடம், நாற்பது வருஷம் வெந்நீர் விற்றவளிடம், "ரொம்பச் சூடு கூடாது, கன்னத்துச் சூடு போதும், அதுக்கு மேல போனா குழாய் தாங்காது" என்று சொல்லிக்கொடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கலந்து கொடுத்தேன். குழாயை அதில் பிடித்தான்.

கொதிக்கும் என்று பார்த்தேன். ஒரு குமிழ் இல்லை. கோடு அதே இடத்தில் இருந்தது, ஆனால் வெளுத்தது. பென்சிலால் போட்டதை யாரோ விரலால் தேய்க்கிற மாதிரி. பிறகு இல்லை. தண்ணீர் மேலே ஏறவும் இல்லை, கீழே வற்றவும் இல்லை. கோடுதான் போயிற்று. மேலும் கீழும் ஒரே வெறுமை.

ஒழுகிவிட்டது என்றேன். சன்னா சிரித்தாள், அஞ்சு நாளுக்குப் பிறகு முதல் சத்தம். நாரை குழாயைத் துடைத்து ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து வைத்தான். குளிர் பட்டதும் உள்ளே மூடுபனி கிளம்பியது. பால் ஊற்றின மாதிரி. அதற்குள்ளே ஒரு சின்ன மழை. அப்புறம் அதே இடத்தில் அதே கோடு.

எப்படியிருக்கு என்று கேட்டான். போனது, திரும்பி வந்தது, என் புருஷனும் உயிரோடு இருந்தவரை வாரம் ஒருமுறை அதைத்தான் செய்தார் என்றேன். அவன் சிரித்தான். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜனவரி 21, திங்கள்

துவைக்கிற நாள். அண்டா கொதிக்கும்போதெல்லாம் அவன் சொன்னது காதில் விழுகிறது. எரிச்சல்.

நேற்றுப் போகும்போது சொன்னான்: "உங்க அண்டாவுல குமிழ் வருது. இது தண்ணி, அது ஆவின்னு கண்ணாலயே பிரிச்சுக் காட்டலாம். ஆனா அழுத்தம் தாங்குற பாத்திரத்துல இறுக்கி மூடிச் சூடேத்திட்டே போனா ஒரு இடம் வருது. அங்க ரெண்டும் ஒண்ணுதான். அந்த இடத்தைச் சுத்திக்கிட்டுப் போனா தண்ணி ஆவியாயிடும். ஆனா எப்ப ஆச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

கொதிக்காமல் ஆவியாகுமாம். என் கடையில் அப்படி ஒரு வாளி விற்றால் தெருவே திரண்டு வந்து உதைக்கும். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் நான். இந்தத் தெருவில் வேறு எவளும் மூன்றைத் தாண்டியதில்லை. எனக்கே புரியாததை யாருக்காகச் செய்கிறார்கள்?

ஜனவரி 24, வியாழன்

குழாயைச் சன்னாவிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மீந்த கண்ணாடியில் அவன் சொந்தமாகச் செய்ததாம். இவள் அதை ஜன்னல் படியில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகும்போதும் வரும்போதும் பார்க்கிறாள்.

மோதிரம் போட வக்கில்லாதவன் மூச்சை அடைத்துக் கொடுத்திருக்கிறான்.

பிப்ரவரி 1, வெள்ளி

கால்வாய் உறைந்து இறுகிவிட்டது. அடுப்புக்கு மண்கரி, சதுப்பில் வெட்டிக் காயவைத்தது, கொண்டுவந்த வியாபாரி கோபஸ் மூட்டையை இறக்கியதும் போகாமல் ஒரு தாளை நீட்டினான். ஆய்வுக்கூடத்தை மூட வேண்டும் என்று நகரசபைக்கு மனு. அழுத்தி அடைத்த காற்றெல்லாம் ஒருநாள் வெடிக்கும், ஊர் தாங்காது என்று எழுதியிருக்கிறது. எழுத்துப்பிழை இரண்டு. நான் காட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டான்.

என் கையெழுத்து முதலில் இருக்க வேண்டுமாம். ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வெடிமருந்துக் கப்பல் நம் கால்வாயில் வெடித்தபோது என் பாட்டியை இடிபாட்டுக்கடியிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். கைக்குழந்தையாக என் அம்மா அவள் மடியில். இந்தத் தெருவில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை. அந்த ஆய்வுக்கூடமும் அந்த இடிந்த இடத்துப் பக்கத்தில்தான் நிற்கிறது. இந்த நேல் கிழவியே போட்டுவிட்டாள் என்றால் மற்றவர்கள் தானாகப் போடுவார்கள்.

கோபஸுக்கு ஊர் மேல் என்ன அக்கறை? ஆய்வுக்கூடத்தில் எரிவாயு எந்திரம் வந்ததிலிருந்து அவனிடம் மண்கரி வாங்குவதில்லை. அவன் பயம் அவ்வளவுதான். கையில்லாத அரைக்கோட்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அடிவயிறு முன்னால் போக, ஊரைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறான்.

ஆனால் — கூடம் மூடினால் நாரைக்கு வேலை போகும். வேலை போனால் ஃபிரீஸ்லாந்துக்கே பறப்பான். பறந்தால் சன்னா இங்கேயே இருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை எல்லார் முன்னாலும் போடுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 5, செவ்வாய்

கோபஸ் ஜன்னல் படியைப் பார்த்துவிட்டான். இது என்ன என்று கேட்டான். சொன்னேன். கண் பளபளத்தது. சனிக்கிழமை ஜனங்களுக்குக் காட்ட ஒரு சாட்சி வேண்டுமே, ஒரு நாலு நாள் கொடுங்கள் என்றான். சன்னா தையல் வேலைக்குப் போயிருந்தாள்.

கொடுத்தேன்.

உறைபனியில் பீர்ப் புட்டி வெடிக்கிற மாதிரி இதுவும் வெடித்துவிடக் கூடாது என்று, கம்பளித் துணியோடு உள் அரைக்கோட்டுக்கடியில், வயிற்றோடு ஒட்டிச் செருகிக்கொண்டு போனான். புத்திசாலி என்று நினைப்பு.

பிப்ரவரி 6, புதன்

சன்னா படியைத் துடைத்தாள், தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள், தரையில் குனிந்து தேடினாள். என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா?

பிப்ரவரி 9, சனி

கை எரிகிறது. இடது கையால் தாளைப் பிடிக்கக்கூட முடியவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

குளியல் நாள். சாயங்காலம் கடை கொள்ளாத கூட்டம். சன்னா அண்டாவருகே கரண்டியோடு. பெட்யே முக்காலியில் இடம் பிடித்துக் கால்கணப்பில் காலை வைத்தாகிவிட்டது. கோபஸ் வந்தான். மனுவை என் மேசையில் விரித்து, மைக்கூட்டைத் திறந்து வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தான். இந்தக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும் திரவம் என்று ஆரம்பித்து, மேல்கோட்டைத் திறந்து, ஒரு அரைக்கோட்டு, இரண்டு, மூன்று என்று பொத்தான் கழற்றி, உள்ளேயிருந்து உருவினான். துணியைப் பிரித்தான். தூக்கிப் பிடித்தான்.

உள்ளே ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"என்ன கோபஸ், வழியில குடிச்சிட்டியா?" என்றாள் பெட்யே. கடை குலுங்கியது.

கோபஸ் முகம் செங்கல்லாயிற்று. அப்புறம் என் பக்கம் திரும்பினான். "நேல் அக்கா, பேத்திக்காக வெறுங்குழாயை என் தலையில கட்டிட்டீங்க. உள்ள இருந்ததை ஊத்திட்டு, மூடி, ஒண்ணும் தெரியாத மாதிரி என் கையில குடுத்திருக்கீங்க."

சிரிப்பு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பார்க்கிற பார்வை. சன்னாவும் பார்த்தாள். அவளுக்கு அது வேறு சேதி. குழாயைக் கொடுத்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாற்பது வருஷத்தில் கொதிக்காத தண்ணீரைக் கொதித்தது என்று ஒரு வாளி விற்றதில்லை நான். என்னைப் பார்த்து, கரி மூட்டையில் மண்ணைக் கலக்கிறவன் சொல்கிறான்.

வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்தால் மனு அத்தோடு செத்தது, என் பெயரும் அதோடு செத்தது. திறந்தால் என் பெயர் பிழைக்கும், மனுவும் பிழைக்கும், நாரை போவான். போனால் போகட்டும் என்றுதானே இவ்வளவும்? அப்படியிருந்தும் ஏன் அந்தக் கணம் நாக்கு ஒட்டிக்கொண்டது?

அதற்குள் பெட்யே குழாயை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பனியில் உறைந்து ஓரத்தில் ஒட்டியிருக்கும், கொஞ்சம் சூடு காட்டலாம் என்று குனிந்து தன் கால்கணப்பின் மேல், தணலுக்கு நேராக, மேல்பலகை ஓட்டையில் செருகினாள். இன்று நான் நிறையவே தணல் போட்டிருந்தேன்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தேன். மூன்று விரல் பொசுங்கியது. பெட்யே முக்காலியோடு சாய்ந்தாள். அவளை யாரும் தூக்கவில்லை.

"சன்னா, மேல்கதவைத் திற."

வாசலின் மேல்பாதிக் கதவைத் திறந்தாள். கால்வாய்க் குளிர் கத்தி மாதிரி உள்ளே வந்தது. குழாயை வெளியே நீட்டிப் பிடித்தேன், வாசல் விளக்குக்கு முன்னால். எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் நெருக்கினார்கள். வெறுமை. இன்னும் வெறுமை. கோபஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அப்போது மங்கியது. குழாய் முழுக்க ஒரே கலங்கல், விளக்கு அதற்குப் பின்னால் தேன் நிறமாகத் தெரிந்தது. உள்ளே மழை. பிறகு நடுவில், யாரோ உட்கார்ந்து அளந்து போட்ட மாதிரி, கோடு.

என் கடையில் இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவை.

வெதுவெதுப்புப் பட்டால் போகும், குளிர்ந்தால் வரும், இவன் வயிற்றில் வைத்துக் கொண்டுவந்தான், அதனால் போயிற்று என்றேன். கோபஸ் கையைத் தட்டினான். பார்த்தீர்களா, திரவம் உள்ளேயே இருக்கிறது, நான் சொன்னது உண்மை, இப்போது போடுங்கள் என்று பேனாவை நீட்டினான்.

"ராத்திரி எங்க வச்சிருந்தே?" பெட்யே தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

போர்வைக்குள் என்றான். குளிரில் வெடித்துவிடக் கூடாதே என்று, தனக்கும் மனைவிக்கும் நடுவில்.

"நாலு ராத்திரி அந்த இடத்துல படுத்திருந்தே வெடிக்கலையா? அப்ப ஊருக்கு ஆபத்தில்ல. உன் பொண்டாட்டியத்தான் விசாரிக்கணும்."

அதற்குப் பிறகு அவன் பேச்சு யார் காதில் ஏறும்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி தன் அக்குளில் வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். தொடக்கூடாது என்றேன்.

பேனா மட்டும் என் முகத்துக்கு நேராக நீட்டியபடியே இருந்தது. போட்டிருக்கலாம். சிரித்தவர்கள்கூட நான் போட்டால் போட்டிருப்பார்கள்.

"என் பாட்டியை மண்ணுக்கடியிலேர்ந்து தோண்டி எடுத்தது நிஜம். நீ கொண்டாந்தது கரி விக்காத கோவம். ரெண்டையும் ஒரே தாள்ல எழுதாதே."

மடித்து அவன் கையில் கொடுத்தேன்.

கடையைச் சாத்தியதும் சன்னா கையைக் காட்டச் சொன்னாள். வெண்ணெய் தடவித் துணி சுற்றினாள். இறுக்கமாகவே சுற்றினாள். குழாயைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். என் வீட்டில், என்னிடமிருந்து, பூட்டு.

பிப்ரவரி 10, ஞாயிறு

நாரை வந்தான். சன்னா சொல்வதற்கு முன் நானே சொன்னேன். உன் குழாயைக் கோபஸிடம் எடுத்துக் கொடுத்தது நான், உன்னை ஊரைவிட்டு ஓட்டத்தான் கொடுத்தேன். இது எழுதும்போது சுலபமாக இருக்கிறது.

கத்துவான் என்று பார்த்தேன். கத்தினால் வாசலைக் காட்டலாம். கழுத்து ஒருமுறை மேலும் கீழும் போயிற்று. பிறகு கேட்டான்: "அந்த மூடுபனிக்குப் பின்னாடி விளக்கு இருந்துச்சா? என்ன நிறமா தெரிஞ்சுது?"

தேன் என்றேன். அப்படியா, அப்படியா என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். சூடு தணிகிற அந்த ஒரு நொடியில், தண்ணீராவதா ஆவியாவதா என்று உள்ளே எதற்கும் தெரியாமல் தடுமாறும்போதுதான் அந்த நிறம் வருமாம். திருட்டுக் கொடுத்தவன் திருடியைப் பார்த்து நிறம் கேட்கிறான். இவனை வைத்துக்கொண்டு என் பேத்தி என்ன செய்வாள்? சந்தையில் இவனிடம் அழுகின மீனை விற்றுவிடுவார்கள்.

கால்கணப்பில் வைத்ததைச் சொன்னதும்தான் முகம் வெளுத்தது. என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான்.

"குழாய் போனா இன்னொண்ணு ஊதிக்கலாம் பாட்டி. கண்ணு போயிருந்தா?"

பாட்டியாம். யார் கொடுத்த உரிமை?

பிஸ்கட் டப்பாவை மூட மறந்துவிட்டேன். மூன்று தின்றிருக்கிறான்.

பிப்ரவரி 18, திங்கள்

துவைக்கிற நாள். ஒற்றைக் கையால் ஒரு வேலையும் ஓடவில்லை. கெர்பன் ஆய்வுக்கூடத்துக்குப் போகிற வழியில் இருட்டோடு வந்து இரண்டு அண்டாவையும் நிரப்பிவிட்டுப் போகிறான். பாதித் தண்ணீர் தரையில். கோணல் கை.

மார்ச் 3, ஞாயிறு

சன்னா அலமாரியைத் திறந்து குழாயை மறுபடி ஜன்னல் படியில் வைத்திருக்கிறாள். பூந்தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டேன்.

மார்ச் 27, புதன்

நகரமன்றத்துக்குப் போனேன். சம்மதத் தாளை நீட்டிய குமாஸ்தா, முகத்தில் மீசைகூட ஒழுங்காக முளைக்காதவன், "இங்க ஒரு பெருக்கல் குறி போட்டா போதும் பாட்டியம்மா" என்றான். பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதினேன். கடைசி எழுத்தில் அஞ்சாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்த சுழியையும் போட்டேன். அதைப் போட்டு முடிக்கிற வரை காத்திருந்தான். காத்திருக்கட்டும்.

எதற்குச் சம்மதித்தேன் என்று பெட்யே துருவினாள். அவள் பெட்டியில் தணலை நிரப்பிக் கையில் கொடுத்தேன்.

மே 16, வியாழன்

கல்யாணம் முடிந்தது. அவன் அம்மா வடக்கேயிருந்து அந்தப் பக்கத்துப் பெண்கள் அணிகிற தங்கத் தகட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தாள், குளித்தாலும் கழற்ற மாட்டாள் போல. என் காப்பி திடமாக இல்லை என்றாள். கோபஸும் வந்து நன்றாகத் தின்றான்.

நவம்பர் 17, ஞாயிறு

பட்டாணி சூப். கரண்டியை நட்டால் நிற்கிறது.

சன்னா வந்து வெகுநேரம் ஆகிறது. காலை நீட்டி உட்கார்ந்து, வயிற்றின் மேல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு குடிக்கிறாள், இப்போதே அதற்கு மேசை மாதிரி இடம் இருக்கிறது. கெர்பனைக் காணோம். ஏதோ குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறதாம், நடுவில் விட்டு வர முடியாதாம். ஆண்டவனே ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்தார், இவர்கள் காற்று ஓயாது. படித்தவர்கள் கூடி நடத்துகிற இடம், ஒருத்தனுக்கும் சாப்பாட்டு வேளை தெரிவதில்லை.

அவன் பங்கை அண்டா ஓரத்தில் மூடி வைத்திருக்கிறேன். ஆறிப்போனதைக் கொடுத்தால் அதையும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் குடிப்பான், முட்டாள்.

குளிர் வருகிறது, மேல்கதவைச் சாத்து பாட்டி என்கிறாள் சன்னா. சாத்துகிறேன். பாலத்துத் திருப்பத்தில் அந்தக் கழுத்து முதலில் தெரியட்டும்.